விடிந்ததும் எரியும் மஞ்சள் விளக்கு

கொல்லிமலைக்குக் காரில் போய் ஓர் இரவு தங்கி வந்தவர்கள் பலருக்கு இது நடந்திருக்கும். முந்தைய நாள் பிற்பகல், சேலத்திலிருந்து வரும் வழியில் ராசிபுரம் பக்கம் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டு, கையோடு நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்திருப்பார்கள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சோளக்காடு தாண்டி, செம்மேட்டில் அறை எடுத்துத் தூங்கியிருப்பார்கள். தை மாதக் குளிர். விடியற்காலையில் ஆகாயகங்கை அருவிக்குக் கிளம்பினால், கொஞ்ச தூரம் உருண்டதுமே ஸ்பீடோமீட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. டயரைக் குறுக்கே வெட்டிய வடிவம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

இறங்கிச் சுற்றிப் பார்த்தால் ஆணி இல்லை, கீறல் இல்லை. நாலு டயரும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. காருக்குள் இருக்கும் திரை 26 என்று காட்டுகிறது. நேற்றுப் பிடித்தது 33. வழியில் பஞ்சர் கடையில் நிறுத்திக் கேட்டால், கடைக்காரர் மீட்டரை வால்வில் அழுத்திப் பார்த்துவிட்டு, “28 இருக்குதுங்க, பயப்படாமப் போங்க” என்கிறார். மதியம் மலையிறங்குகிறார்கள். பாதி வளைவு கடப்பதற்குள் விளக்கு தானாகவே அணைந்துவிடுகிறது.

ராத்திரியில் காற்று எங்கே போனது? அதே டயருக்கு இரண்டு மீட்டர்கள் ஏன் இரண்டு எண்களைச் சொல்கின்றன? யாரும் காற்றுப் பிடிக்காமலே விளக்கு எப்படி அணைந்தது? சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம். நான் இந்த அத்தியாயத்தில் அந்த சென்சார் பக்கம் நின்று பேசப் போகிறேன். அது அன்று காலை சரியாகவே வேலை செய்தது.

33 என்றால் என்ன?

பங்க்கில் “அண்ணா, முன்னாடி பின்னாடி ரெண்டும் 33 வைங்க” என்று சொல்கிறோம். அந்த 33 காற்றின் அளவு என்றே மனத்தில் பதிந்திருக்கிறது, ஏதோ 33 லிட்டர் காற்றை ஊற்றியது போல. உண்மையில் அது காற்று எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்பதன் கணக்கு. ஓர் அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள இடத்தின் மேல் 33 பவுண்டு, அதாவது 15 கிலோ, எடையை வைத்தால் எப்படி அழுத்துமோ அப்படி டயரின் உட்சுவரைக் காற்று அழுத்துகிறது. பிஎஸ்ஐ என்ற அலகு இதைத்தான் குறிக்கிறது.

இந்தத் தள்ளல்தான் காரைச் சுமக்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ உள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ. ஓர் அங்குலச் சதுரத்துக்கு 15 கிலோ என்றால், ஏறக்குறைய 20 சதுர அங்குலம் சாலையைத் தொட வேண்டும். கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. இப்படி நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான் கொல்லிமலை வளைவுகளில் ஒரு குடும்பத்தைப் பாதையில் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் 26-க்கு இறங்கினால் அதே எடையைச் சுமக்க 25 சதுர அங்குலம் வேண்டும். டயர் கூடுதலாகச் சப்பிக்கொண்டு அந்த இடத்தைத் தேடிக்கொள்கிறது. அப்படிச் சப்பும்போது பக்கச்சுவர் மடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். டயர் வெடிப்பதற்கான காரணங்களில் இந்தச் சூடுதான் முக்கியமானது.

சூடும் தள்ளலும்

உள்ளே அடைபட்ட காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்து சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. சூடேறினால் வேகமாக மோதும், தள்ளல் கூடும். குளிர்ந்தால் மோதலும் தளரும். ஒரு மூலக்கூறுகூட வெளியே போக வேண்டியதில்லை. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியோம் அமோந்தான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். அடைத்து வைத்த காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஓர் ஒழுங்கோடு ஏறுகிறது என்று கண்டார். காற்று குளிர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் தள்ளலே இல்லாமல் போக வேண்டும் என்றும் யோசித்தார். அந்தக் கட்டம் உறைநிலைக்கு 273 டிகிரி கீழே இருக்கிறது என்று பிற்கால அறிவியல் துல்லியப்படுத்தியது. ஆகவே காற்றின் சூட்டைக் கணக்கிடும்போது அங்கிருந்துதான் எண்ண வேண்டும். நமக்கு 15 டிகிரி என்பது காற்றுக்கு 288. நமக்கு 60 என்பது காற்றுக்கு 333.

டயருக்குள் எஃகு இழைப் பட்டைகள் இருப்பதால் அது பலூனைப் போல ஊதிப் பெருகாது. அதன் உள்ளளவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அதனால் சூட்டின் ஏற்ற இறக்கம் முழுவதும் அழுத்தத்தில் வெளிப்பட்டே ஆக வேண்டும். கார் டயரில் 10 டிகிரி சூடு மாறினால் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். நாம் சும்மா பிடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டுக்கு நைட்ரஜனும் காற்றும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். நைட்ரஜனில் ஈரம் இருக்காது, ரப்பர் வழியே கசிவதும் கொஞ்சம் குறைவு என்பது உண்மை. ஆனால் கொல்லிமலையின் விடியற்குளிர் அதையும் விட்டுவைக்காது.

மலை ஏற ஏற

அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் சோளக்காடு வரும்போது உப்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றுதான் தளர்ந்திருக்கிறது.

நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலத்துக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அது ஓர் அங்குலச் சதுரத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. கடலிலிருந்து 200 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 14.3. 1,200 மீட்டர் உயரத்தில் 12.7. காரவள்ளிப் பக்கத்துச் சமவெளிக்கும் மலையின் மேட்டு நிலத்துக்கும் இடையே சுமார் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 70 வளைவுகளில் நாம் ஒன்றரை பிஎஸ்ஐக்கும் சற்று அதிகமான வெளியழுத்தத்தைக் கீழே விட்டுவிட்டு வருகிறோம்.

பஞ்சர் கடை மீட்டர் இரண்டு தள்ளல்களின் வித்தியாசத்தை அளக்கிறது. ஒரு பக்கம் டயருக்குள் இருக்கும் காற்று, மறுபக்கம் கடையில் நாம் மூச்சு விடும் காற்று. முழுக்கத் தட்டையாகிவிட்ட டயரில் அது பூஜ்யம் காட்டுகிறது. அந்த டயருக்குள்ளும் காற்று இருக்கிறது. ஆனால் உள்ளும் புறமும் சமமாகத் தள்ளுகின்றன. 33 என்று மீட்டர் சொல்லும்போது, உள்ளே மொத்தத் தள்ளல் 33-உடன் அந்த ஊரின் காற்று எடையும் சேர்ந்தது. சமவெளியில் அது 47-க்கு மேல். இதை முழு அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சென்சார் அளப்பது இந்த முழு அழுத்தத்தைத்தான்.

சக்கரத்துக்குள் ஒரு சிறு வானொலி

வால்வின் அடிப்பக்கம், டயருக்கு உள்ளே, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். எடை 30 கிராம் அளவில். அதற்குள் முடியிழையைவிட மெல்லிய சிலிக்கன் சவ்வு ஒன்று இருக்கிறது. சவ்வின் ஒரு பக்கத்தைக் காற்றே இல்லாத வெற்றிடமாக மூடி முத்திரை வைத்திருக்கிறார்கள். மறுபக்கத்தை டயர் காற்று அழுத்துகிறது. சவ்வு துளி வளைந்தாலும் அதில் பதித்த மின்பாதைகளின் தடை மாறுகிறது. சிலிக்கனை வளைத்தால் அதன் மின்தடை பெரிய அளவில் மாறும் என்பதை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். இன்று நம் சக்கரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருப்பது அந்தக் கண்டுபிடிப்புதான்.

சவ்வுக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்பமானி, சக்கரம் சுற்றுகிறதா என்று அறியும் உணரி, ஒரு வானொலிப் பரப்பி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லித்தியம் பேட்டரி. வண்டி நிற்கும்போது கருவி ஏறத்தாழ உறங்குகிறது. ஓடத் தொடங்கியதும் விழித்து, நிமிடத்துக்கு ஓரிரு முறை, தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் சூட்டையும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. செம்மேட்டில் கார் கொஞ்ச தூரம் உருண்ட பிறகே விளக்கு எரிந்ததன் காரணம் இதுதான். அதுவரை சென்சார் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு சின்னப் பெட்டி என்ன பாடு படுகிறது என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் சக்கரத்தில் அது வெளிநோக்கி இழுபடும் விசை புவியீர்ப்பைப்போல் 150 மடங்குக்கு மேல். 30 கிராம் பெட்டி அந்த வேகத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். அப்படியே 5 முதல் 10 ஆண்டு ஓடுகிறது. ஈரமும் அதிர்வும் தாங்க வேண்டும் என்பதற்காகப் பேட்டரியைப் பிசின் ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் இருப்பதால் பக்கத்தில் நிற்கும் காரின் பேச்சை நம் கார் கேட்டுக் குழம்புவதில்லை. ஆனால் பிறர் கேட்க முடியும். 2010-இல் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஓடும் காரின் டயர் ஒலிபரப்பை 40 மீட்டர் தூரத்திலிருந்து பிடித்துக் காட்டினார்கள். எண்ணை வைத்து ஒரு வண்டியின் போக்குவரத்தைப் பின்தொடரலாம் என்ற அந்த எச்சரிக்கை இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சென்சார் முற்றிலும் டயருக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே எந்த ஊர், எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது முழு அழுத்தம் மட்டும். ஓட்டுநருக்குப் பழகிய எண்ணைக் காட்ட, கார் அந்த முழு அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் கழிக்க வேண்டும். சில கார்கள் இன்ஜின் கட்டுப்பாட்டுக்காக வைத்திருக்கும் காற்றழுத்தமானியைப் பார்த்துச் சரியாகக் கழிக்கின்றன. பல கார்கள் எந்த ஊரிலும் கடல் மட்ட எண்ணான 14.7-ஐயே கழித்துவிடுகின்றன. சென்னையில் இது பிரச்சினையே இல்லை. மலையில்தான் தெரியவரும்.

ஒரு பிற்பகல், ஒரு விடியற்காலை

இப்போது அந்தக் காரை எடுத்து நிதானமாகக் கணக்குப் போடுவோம். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடி வந்த கார். வெயில் 34 டிகிரி. சாலைச் சூடும் ரப்பர் மடங்கும் சூடும் சேர்ந்து டயருக்குள் காற்று 60 டிகிரியில் இருக்கிறது. இந்த நிலையில் பங்க்கில் 33 பிடிக்கிறார்கள். வெளிக்காற்று 14.3. உள்ளே முழு அழுத்தம் 47.3.

விடியற்காலை, செம்மேடு. இரவெல்லாம் வெளியே நின்ற டயர் 15 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. காற்றின் கணக்கில் 333-இலிருந்து 288. முழு அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்க வேண்டும்: 47.3-ஐ 333-ஆல் வகுத்து 288-ஆல் பெருக்கினால் 40.9. ஒரு துளி காற்றும் கசியாமல் ஆறரை பிஎஸ்ஐ மறைந்துவிட்டது.

பஞ்சர் கடைக்காரர் மீட்டர் அந்த மலையின் காற்றோடு ஒப்பிடுகிறது. 40.9-இல் 12.7 போனால் 28.2. அவர் சொன்ன 28 சரி. கார் தன் வழக்கப்படி 14.7-ஐக் கழிக்கிறது. மிச்சம் 26.2. திரையில் 26. அதுவும் தன் கணக்கில் சரி. இருவருக்கும் நடுவே இருக்கும் 2 பிஎஸ்ஐ, கடல் மட்டக் காற்றுக்கும் கொல்லிமலைக் காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசம்.

விளக்கு எப்போது எரிய வேண்டும்? தயாரிப்பாளர் பரிந்துரைத்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்பது ஐரோப்பிய விதி. கால் பங்கு குறைந்தால் என்பது அமெரிக்க விதி. நம் கார் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 33-க்கு எல்லைக்கோடு 26.4. திரையில் இருப்பது 26.2. எரிகிறது.

மலையிறங்கும்போது நடப்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. வெயில் ஏறியிருக்கும். வளைவுக்கு வளைவு டயர் மடங்கிச் சூடாகும். பிரேக் டிஸ்க்கின் சூடும் சக்கரத்தின் உலோகம் வழியாக உள்ளே போகும். 10 டிகிரி கூடினால் ஒன்றரை பிஎஸ்ஐ. விளக்கு அணைய அது போதும்.

அணைந்துவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் 33 என்பது, குளிர்ந்த டயருக்கான எண். வண்டி சில மணி நேரம் நின்று, டயர் ஊரின் சூட்டுக்கு வந்த பிறகு இருக்க வேண்டிய அழுத்தம் அது. கொதிக்கும் டயரில் 33 பிடித்தவர் உண்மையில் எவ்வளவு பிடித்திருக்கிறார்? அதே காரைச் சமவெளியிலேயே, 25 டிகிரி காலையில் அளந்திருந்தால் 28 காட்டியிருக்கும். ஐந்து பிஎஸ்ஐ குறைவு. ராசிபுரத்தில் நேர்ந்த குறையைக் கொல்லிமலையின் குளிர் வெளிக்கொண்டு வந்தது. காலையில் எரிந்த விளக்கு உண்மையைச் சொன்னது. மதியம் சூடு அந்த உண்மையை மூடியது.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். காலையில் குளிர்ந்த டயரில் சரியாக 33 பிடித்தவர், மதியம் நெடுஞ்சாலையில் 38 காட்டுவதைப் பார்த்துப் பயந்து வால்வு முள்ளை அழுத்திக் காற்றை இறக்குகிறார். அந்த 38-ஐ டயர் வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தே வைத்திருக்கிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை எடுக்கக் கூடாது.

சென்சாரே இல்லாத வழி

அன்று காலை பக்கத்து அறைக்காரரின் காரில் விளக்கு எரியாமல் இருந்திருக்கலாம். அவரும் அதே பங்க்கில் அதே சூட்டில் காற்றுப் பிடித்தவராக இருந்தாலும்கூட. ஏனென்றால் எல்லாக் கார்களும் சக்கரத்துக்குள் சென்சார் வைப்பதில்லை. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்புக்காக ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் எண்ணும் உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. காற்றுக் குறைந்த டயர் சற்றுச் சப்பி, மையத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம் குறைந்து, மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அந்தக் கூடுதலைக் கண்டுபிடித்தால் போதும். இதை மறைமுகக் கண்காணிப்பு எனலாம்.

சொல்ல எளிது. கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்று. எஃகுப் பட்டை சுற்றளவைச் சுருங்க விடாததால், கணிசமாகக் காற்றிறங்கிய டயர்கூட ஒரு கிலோமீட்டருக்கு ஓரிரு சுற்றுதான் கூடுதலாகச் சுற்றும். இப்போது கொல்லிமலையின் ஒரு கொண்டை ஊசி வளைவை நினையுங்கள். கார் அரைவட்டம் அடித்துத் திரும்புகிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நாலே முக்கால் மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு அகலமோ குறுகலோ, இந்த வித்தியாசம் மாறாது. அதாவது ஒரே வளைவில் இரண்டு சுற்றுக்கு மேல். ஒரு கிலோமீட்டர் முழுக்கச் சேர்த்த சாட்சியத்தை ஒற்றை வளைவு அழித்துவிடுகிறது.

அதனால் இந்த வகைக் கார்கள் வளைவுகளில் தீர்ப்புச் சொல்வதைத் தள்ளிப்போட்டு, நேர்சாலை வரும்வரை காத்திருக்கின்றன. புதியவை சக்கரத்தின் நுண்ணிய அதிர்வையும் கேட்டு, அதன் சுருதி மாறுவதை வைத்து அழுத்தத்தைக் கணிக்கின்றன. ஆனால் சுற்றை மட்டும் எண்ணும் கார்களில், நாலு டயரும் ஒன்றுபோலக் குறைந்தால் ஒப்பிட ஆள் இல்லை. விடியற்குளிர் நாலையும் ஒன்றுபோலத்தான் இறக்கும்.

இந்த வகைக் காரில் காற்றுப் பிடித்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தி, இதுதான் சரியான நிலை என்று கற்றுக்கொடுக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று காற்றுப் பிடிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினால், குறைந்த அழுத்தமே சரி என்று அது கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு அது எச்சரிப்பதற்கு டயர் இன்னும் வெகுவாக இறங்க வேண்டியிருக்கும்.

இரும்புக் கம்பியின் காது

மலைக்குக் கீழே நாமக்கல். லாரிக்குக் கூண்டு கட்டுவதற்கும் எரிவாயு டேங்கர் ஓட்டுவதற்கும் நாடெங்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே டயரைப் பற்றிக் கற்றுத்தர எந்தத் திரையும் தேவைப்பட்டதில்லை. டீக்குடிக்க நிறுத்தும்போதெல்லாம் ஓட்டுநரோ கிளீனரோ இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். காற்று இருந்தால் கம்பி துள்ளும், ‘டங்’கென்று கேட்கும். இல்லையென்றால் ‘தொப்’. பின்னால் இரட்டைச் சக்கரங்கள் உள்ள வண்டிக்கு இது உயிர்காக்கும் பழக்கம். உள்பக்க டயர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கத்து டயர் இரண்டு பங்குச் சுமையையும் தூக்கிக்கொண்டு ஓடும். அது சூடாகி வெடித்தாலோ தீப்பிடித்தாலோதான் தெரியவரும்.

கம்பியின் காது நல்ல காதுதான். ஆனால் பாதிக்கு மேல் இறங்கிய டயரைத்தான் அது உறுதியாகச் சொல்லும். ஐந்தில் ஒரு பங்கு குறைவை எந்தக் காதும் பிரித்தறியாது, கண்ணும் அறியாது. ரேடியல் டயர் சரியான காற்றிலேயே சற்றுச் சப்பித்தான் நிற்கும். கருவி வேண்டியிருப்பது இந்த இடைவெளிக்குத்தான்.

சட்டம் வந்த வழி

1986-இல் போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த காரில் முதன்முதலாக வந்த இந்தக் காற்றழுத்தக் கண்காணிப்பு வசதி, சாதாரணக் கார்களுக்கு வர ஒரு துயரம் தேவைப்பட்டது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் டயர்கள் வேகத்தில் மேலுறை பிய்ந்து, வண்டிகள் உருண்டன. டெக்சாஸ், அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் இது அதிகம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. இந்த விபத்துகளோடு தொடர்புபடுத்தப்பட்ட சாவுகள் 200-க்கும் மேல். டயரின் தயாரிப்புக் குறையா, அந்த வண்டிக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ மிகக் குறைவா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. குறைந்த காற்றும் கடும் வெயிலும் சேர்ந்தால் டயர் என்னவாகும் என்பது மட்டும் உலகத்துக்குப் புரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2007-க்குள் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கு கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காருக்கும்.

இந்தியாவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதித் திருத்தம் ஒரு பக்கவாசலைத் திறந்தது. 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தக் கண்காணிப்பும், பஞ்சர் சரிசெய்யும் பொருள்களும் இருந்தால் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்றது. நகரத்துக்கு இது பொருந்தலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டு மருந்து உதவாது. இரவில் வாசலூர்ப்பட்டிப் பக்கம் கல்லில் உரசிப் பக்கச்சுவர் கிழிந்தவருக்கு ஸ்டெப்னிதான் வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்து வண்டி வாங்க வேண்டும் என்பேன்.

வண்டியோடு வாழ்பவர்களுக்கு

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன் “வால்வுப் பக்கம் சென்சார் இருக்குதுங்க” என்று சொல்லிவிடுங்கள். கடப்பாரை முனை முதலில் மோதுவது அந்தப் பெட்டியில்தான். டயருக்குள் ஊற்றும் பஞ்சர் மருந்து சென்சாரின் மூச்சுத் துளையை அடைத்துவிடக்கூடும். ஊற்றியிருந்தால் அடுத்த முறை டயரைக் கழற்றும்போது துடைக்கச் சொல்ல வேண்டும். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தால் அது காற்றைப் பற்றிய செய்தி இல்லை. ஏதோ ஒரு சென்சார் பேசுவதை நிறுத்திவிட்டது. பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும்.

கொல்லிமலைக்குக் கிளம்பும் அன்று காலையே, வண்டி அதிகம் ஓடுவதற்கு முன், வீட்டிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்க்கில் காற்றுப் பிடித்துவிடுங்கள். மேலே போய் விளக்கு எரிந்தால், முதலில் நாலு எண்களையும் பாருங்கள். நாலும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் குளிரின் வேலை; கடை மீட்டரில் பார்த்துக் குறைவை நிரப்பிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 3, 4 குறைந்திருந்தால் அது பஞ்சர். அதோடு 70 வளைவுகள் இறங்கக் கூடாது. இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று இந்த மலைப் பாதை ஓட்டுநர்கள் சொல்வது டயருக்கும் நல்லது. பிரேக்கின் சூடு குறைந்தால் சக்கரத்தின் சூடும் குறையும்.

ஸ்டெப்னியில் பெரும்பாலும் சென்சார் இருக்காது. டிக்கியில் பல மாதம் கிடந்து மாதத்துக்கு ஓரிரு பிஎஸ்ஐ வீதம் கசிந்திருக்கும் அந்த டயரைப் பற்றி எந்த விளக்கும் எதுவும் சொல்லாது. காரவள்ளிக்கு வருவதற்கு முன்பே அதற்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.